இரண்டு மணிக்கு ஒரு நன்றி

ஜெபம் பண்ணுவதில் எனக்கு நம் ஆஸ்பத்திரியில் பெரிய பேர் இருந்தது. கிறிஸ்துமஸ் விழா, புது வார்டு திறப்பு, டாக்டர் வீட்டுப் பிள்ளைக்குக் கல்யாணம், எதுவானாலும் "சிஸ்டர், நீங்க ஒரு ஜெபம் சொல்லுங்க" என்று என்னைத்தான் முன்னால் தள்ளுவார்கள். நானும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே முன்னால் போய் நின்றுவிடுவேன். குரல் நடுங்க வேண்டிய இடத்தில் நடுங்கும். கண் ஈரமாக வேண்டிய இடத்தில் ஈரமாகும். அப்படிப்பட்ட என் வாயிலிருந்து வந்த ஒரு அழகான ஜெபம்தான், முப்பத்து மூன்று வருட நர்ஸ் வேலையில் நான் சொன்ன மிகப் பெரிய பொய். அதைத்தான் உங்களுக்கு எழுதப் போகிறேன்.

இப்போது ஆண்கள் வார்டுக்கு இன்சார்ஜாக இருப்பவள் என்னோடு வேலை பார்த்த பெண். போன வாரம் வீட்டுக்கு வந்து, "புதுசா எட்டுப் பேரு சேந்திருக்காங்க அக்கா, உங்க அனுபவத்தை நாலு பக்கம் எழுதிக் குடுங்க" என்றாள். ஊசி போடுவதும் சலைன் ஏற்றுவதும் உங்களுக்குக் காலேஜில் என்னைவிட நன்றாகவே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதனால் வேறு என்ன எழுதுவது என்று கேட்டேன். அவள், "ரெண்டு மணி நன்றி எதுக்குன்னு கேக்குறாங்க அக்கா. பஸ் போயிருதாம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. உங்கள் வயதில் நானும் அதையேதான் சொன்னேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் வார்டில் மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும்போது, நோயாளிகளைப் பற்றிய ரிப்போர்ட்டைச் சொல்லி முடித்த பிறகு, டியூட்டி முடித்துப் போகிற எல்லோரும் மருந்து டிராலியைச் சுற்றி நின்று ஆளுக்கு ஒரு வரி கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டும். நர்ஸ், வார்டு பாய், ஆயாம்மா என்று வித்தியாசம் கிடையாது. ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. சொல்கிற காரியம் அன்றைக்கு, அந்த வார்டில், அந்த ஷிப்டில் நடந்ததாக இருக்க வேண்டும். உயிரோடு எழுப்பினீரே, சுகம் தந்தீரே என்று பொதுவாகச் சொன்னால் இன்சார்ஜ் சிஸ்டர் நிமிர்ந்து பார்ப்பார். வேறு மதத்துப் பிள்ளைகள் சும்மா நிற்கலாம், யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். ஆனால் பேகம்பூரிலிருந்து வந்த ஒரு நர்ஸ் ஒரு நாளும் சும்மா நின்றதில்லை. தன் வரியைச் சொல்லி அல்ஹம்துலில்லா என்று முடிப்பாள்.

அந்த ஒரு வரியை நான் ஆறு வரியாக்கிவிடுவேன். "கொந்தளிக்கும் வேலைப் பளுவிலும் எங்கள் கரங்களைத் திடப்படுத்தினீரே" என்று ஆரம்பித்தால், போகிற பஸ் போய்க்கொண்டே இருக்கும். எனக்கு நேர் எதிராக ஒரு ஆயாம்மா இருந்தாள். என்னைவிட ஐந்தாறு வயது சிறியவள். தரை துடைப்பது, பெட்பேன் எடுப்பது, நோயாளிகளைப் புரட்டி விடுவது அவள் வேலை. அவள் வரிகள் எப்படி இருக்கும் தெரியுமா?

"மூணாம் பெட்டுத் தாத்தா இன்னைக்கு ஒன்னுக்குப் போயிட்டாரு. நன்றி ஆண்டவரே."

நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அவளும் சிரிப்பாள். மறுநாள், "ஒம்பதாம் பெட்டுக்காரரைப் பாக்க அவரு தம்பி வந்துட்டாரு. ஏழு வருசமாப் பேச்சுவார்த்தை இல்லையாம். நன்றி ஆண்டவரே" என்பாள். எனக்கு அப்போதெல்லாம் மனதுக்குள் ஒரு இளக்காரம். எட்டாவது படித்தவளுக்கு ஜெபம் அவ்வளவுதான் வரும் என்று நினைத்துக்கொள்வேன். இந்தத் தகவல் எல்லாம் அவளுக்கு எப்படிக் கிடைக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. பெட்பேன் எடுக்கிறவளிடம் நோயாளியின் குடும்பக் கதை இருந்தது. சார்ட் எழுதுகிற என்னிடம் நாடித்துடிப்பு மட்டும்தான் இருந்தது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

தைப்பூசச் சமயம். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் ரோடு முழுக்க நடந்துகொண்டிருந்தார்கள். காலை பத்தரை மணிக்குப் பழனியிலிருந்து திரும்பி வந்த வேன் ஒன்று பைபாஸில் கவிழ்ந்து, ஒரே நேரத்தில் ஒன்பது பேரை நம் கேஷுவால்டிக்குக் கொண்டுவந்தார்கள். வார்டில் என்னோடு இருந்த நர்ஸை அங்கே அழைத்துக்கொண்டார்கள். இன்சார்ஜ் சிஸ்டரும் போய்விட்டார். இருபத்து நான்கு பெட்டுக்கு நான் ஒருத்தி.

ஆறாம் பெட்டில் ஒரு பழனிச்சாமி. சாணார்பட்டிப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர். காலில் சீழ் பிடித்து வந்தவர். ஏழாம் பெட்டிலும் ஒரு பழனிச்சாமி. ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயி. வயிற்றுப் புண்ணில் ரத்தம் போய்ப் போய் வெளுத்திருந்தார். இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒரு பழனிச்சாமி இருப்பது உங்களுக்குத் தெரியும். ஒரே பெயர்க்காரர்களைப் பக்கத்துப் பக்கத்தில் படுக்க வைக்கக் கூடாது என்பதும் எங்களுக்குத் தெரியும். பெட் காலியில்லை, நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தோம்.

ஏழாம் பெட்டுக்கு ரத்தம் வந்தது. ரத்தப் பையை இரண்டு பேர் சேர்ந்து சரிபார்க்காமல் மாட்டக் கூடாது. இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது? கேஷுவால்டியிலிருந்து அலறல் கேட்கிறது, போன் அடிக்கிறது, பதினொன்றாம் பெட்டில் சலைன் தீர்ந்துவிட்டது என்று யாரோ கத்துகிறார்கள். நான் பையோடு வேகமாக வந்து, "பழனிச்சாமி!" என்றேன்.

"ஆமாங்கம்மா" என்றார் ஆறாம் பெட்டுக்காரர்.

"ரத்தம் ஏத்தணும்."

"சரிங்கம்மா" என்று கையை நீட்டிவிட்டார். நர்ஸ் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை அவருக்கு. பையை மாட்டினேன். குழாயை இணைத்தேன். ரத்தம் இறங்கவிடும் திருகில் விரலை வைத்துவிட்டேன்.

ஒரு ஈரக் கை என் கையைப் பிடித்தது. பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மா.

"சிஸ்டர், இந்த அண்ணனுக்கு ரத்தம் வேணாம்னு பெரிய டாக்டரு சொல்லிட்டாராம்ல? காலையில இவரு வீட்டு அக்கா சந்தோசமாச் சொல்லுச்சு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கையை எடு. உன் வேலையைப் பாரு" என்றேன். அதுவும் வார்டே கேட்கிற மாதிரி.

அவள் கையை எடுக்கவில்லை. முகம் வெளிறிப் போயிருந்தது, ஆனால் பிடி தளரவில்லை. "திட்டுங்க சிஸ்டர், பரவாயில்ல. ஒரு தடவை சீட்டைப் பாத்துட்டுத் திட்டுங்க" என்றாள்.

பார்த்தேன். பையில் ஒட்டியிருந்த சீட்டில் ஏழாம் பெட் நம்பர். இவருக்கு ஓ குரூப், பையில் ஏ குரூப். இன்னும் அரை நிமிடம் போயிருந்தால் மல்லிகைத் தோட்டக்காரரின் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. குழாயைக் கழற்றினேன். ஏழாம் பெட்டுக்குப் போய், சீட்டையும் நோயாளியின் கையில் கட்டியிருந்த நம்பரையும் மூன்று முறை படித்து, புதுக் குழாய் போட்டு ஏற்றினேன். யாரும் கவனிக்கவில்லை. ஆறாம் பெட்டுக்காரர், "என்னங்கம்மா, எனக்கு இல்லையா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். ஆயாம்மா வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள்.

இரண்டு மணி ஆனது. வேனில் வந்த ஒன்பது பேரும் பிழைத்துக்கொண்டார்கள், எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி. மதிய ஷிப்டுக்கு வந்தது, சேர்ந்து பத்து நாள் ஆன புதுப்பெண். அவளிடம் ரிப்போர்ட் சொன்னேன். "ஏழாம் பெட் பழனிச்சாமிக்கு ஒரு பை போயிருக்கு. இன்னொன்னு நாலு மணிக்கு ஏத்தணும்." அவ்வளவுதான் சொன்னேன். பக்கத்துப் பெட்டிலும் ஒரு பழனிச்சாமி இருக்கிறார், பார்த்து ஏற்று என்று சொல்லவில்லை. சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பாளே. கேட்டால் என்ன சொல்வது? அடுத்த மாதம் எனக்கு இன்சார்ஜ் பதவி வரும் என்று பேச்சு இருந்த சமயம் அது.

பிறகு டிராலியைச் சுற்றி நின்றோம். என் முறை வந்தது. "இத்தனை நெருக்கடியிலும் எந்தத் தவறும் நேராமல் எங்கள் கைகளைக் காத்தீரே, உமக்குக் கோடி நன்றி" என்றேன். குரல் நடுங்க வேண்டிய இடத்தில் நடுங்கியது. இன்சார்ஜ் சிஸ்டர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து ஆயாம்மா. ஒரு வரி போதும் அவளுக்கு. என் வேலை போய்விடும்.

"நான் சொன்னதை இன்னைக்கு சிஸ்டர் கேட்டாங்க. நன்றி ஆண்டவரே" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. எந்த சிஸ்டர், என்ன சொன்னாள் என்று யாரும் கேட்கவும் இல்லை. வழக்கம்போல ஒரு சின்னச் சிரிப்பு எழுந்து அடங்கியது. கையை உதறாத குறையாக, வார்டே கேட்கக் கத்திய என்னைப் பற்றித்தான் அவள் நன்றி சொல்லியிருக்கிறாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு வேகமாக வெளியே வந்துவிட்டேன்.

வீட்டில் என் கணவர் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார். சோறு, ரசம், வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய். எங்கள் வீட்டில் ஜெபம் பண்ணாமல் சாப்பாட்டில் கை வைக்க மாட்டோம், அதுவும் என் வேலைதான். கண்ணை மூடினேன். நன்றி என்ற சொல் வரவில்லை. கூட்டம் கூட்டமாக ஜனங்களை அழவைத்த வாய்க்கு ஒரு தட்டுச் சோற்றுக்கு நன்றி சொல்ல வரவில்லை. கண்ணுக்குள் நாலு மணிப் பை தொங்கியது. புதுப்பெண் வருகிறாள், பழனிச்சாமி என்று கூப்பிடுகிறாள், ஆறாம் பெட்டுக்காரர் ஆமாங்கம்மா என்று கையை நீட்டுகிறார். இந்தத் தடவை கையைப் பிடிக்க ஆயாம்மா இருக்க மாட்டாள். அவள் ஷிப்டும் முடிந்துவிட்டது.

"என்ன, சோறு ஆறுது" என்றார் கணவர்.

"என்னைய ஆஸ்பத்திரியில கொண்டுபோய் விடுங்க."

"இப்பத்தான வந்த?"

"ஒரு தப்புப் பண்ணிட்டேன். நாலு மணிக்குள்ள போகணும்."

மனிதர் வேறு எதுவும் கேட்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். அன்றைக்குப் பார்த்து ரோடெல்லாம் காவடிக் கூட்டம். மணிக்கூண்டைத் தாண்டுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. வண்டியிலிருந்து இறங்கி ஓடிய ஓட்டத்தில் செருப்பு ஒன்று எங்கேயோ போய்விட்டது. போன் பண்ணியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம்தான். போன் எண்ணை அமுக்கும் புத்திகூட அப்போது இல்லை, அதையும் என் தப்புகளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வார்டுக்குள் நுழைந்தபோது மூன்று நாற்பது. ஆறாம் பெட்டுக்கும் ஏழாம் பெட்டுக்கும் நடுவில் ஒரு ஸ்டூல். அதில் ஆயாம்மா உட்கார்ந்திருந்தாள்.

"நீ போகலையா?"

"நீங்க வருவீங்கன்னு தெரியும் சிஸ்டர். அதான் செத்த நேரம் உக்காந்திருக்கேன்."

"நீயே அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"நாலு அடிச்சிருந்தாச் சொல்லித்தான் இருப்பேன், விட்ருவேனா? ஆனா நீங்க சொல்றதுதான சிஸ்டர் முறை. உங்களுக்கும் செத்த டயம் வேணும்ல."

அவளுடைய கணவர் வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிறார் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். மார்க்கெட்டில் சுமை தூக்கியவர், லாரியிலிருந்து விழுந்து முதுகெலும்பு போனவர். அவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட வேண்டும். அந்த மனிதரை விட்டுவிட்டு இவள் இங்கே உட்கார்ந்திருக்கிறாள். "அவரை யாரு பாக்குறா?" என்றேன். "பக்கத்து வீட்டு பாத்திமாக்காவுக்குப் போன் போட்டேன். அந்தக்காவும் அண்ணனும் வந்து புரட்டி விட்டுட்டாங்களாம். நீங்க போய் இன்சார்ஜ் சிஸ்டரைப் பாருங்க" என்றாள்.

போனேன். நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் அழுகை வந்துவிட்டது. இன்சார்ஜ் சிஸ்டர் கண்டிப்பானவர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அன்று அவர் செய்ததைக் கேளுங்கள். "அழுகையெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம். முதல்ல ரெண்டு பெட்டையும் பிரிங்க" என்று எழுந்துவிட்டார். பத்து நிமிடத்தில் ஆறாம் பெட்டுக்காரர் ஜன்னல் பக்கம் இருபத்திரண்டாம் பெட்டுக்குப் போனார், அங்கிருந்தவர் ஆறாம் பெட்டுக்கு வந்தார். புதுப்பெண்ணும் இன்னொரு நர்ஸும் சேர்ந்து நின்று சரிபார்த்து ஏழாம் பெட்டுக்கு இரண்டாவது பையை ஏற்றினார்கள். அதன்பிறகுதான் அவர் நாற்காலியில் உட்கார்ந்து பேனாவை எடுத்தார். நெருக்கடியில் எதை முதலில் செய்வது என்று எனக்கு இன்றும் குழப்பம் வந்தால் அந்தப் பத்து நிமிடத்தைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

"கையைப் பிடிச்சது யாரு?" என்றார்.

"ஆயாம்மா."

"எந்த ஆயாம்மா? நம்மகிட்ட நாலு பேரு இருக்காங்க. பேரைச் சொல்லுங்க, ரிப்போர்ட்ல எழுதணும்."

நான்கு வருடமாக ஒரே வார்டு, ஒரே டிராலி, தினமும் இரண்டு மணிக்கு எனக்கு அடுத்த ஆளாக நிற்கிறவள். அவள் பெயர் எனக்குத் தெரியவில்லை. இன்சார்ஜ் சிஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "போய்க் கேட்டுட்டு வாங்க" என்றார். பிறகு வந்த மெமோகூட என்னை அப்படிக் குத்தவில்லை.

"உன் பேரு என்ன?" என்று போய்க் கேட்டபோது அவள் கடகடவென்று சிரித்துவிட்டாள். "மரியபுஷ்பம் சிஸ்டர். வீட்டுல புஷ்பம்பாங்க" என்றாள்.

பெரிய டாக்டரும் நானும் இருபத்திரண்டாம் பெட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். மல்லிகைத் தோட்டக்காரர், "அதான் ஏத்தலைல, விடுங்கம்மா" என்றார். அவர் மனைவி விடவில்லை. "படிச்சவங்கதான நீங்க? ரெண்டு எழுத்துப் பாக்கத் தெரியாதா?" என்று பிடிபிடியென்று பிடித்துவிட்டார். வாங்கிக்கொண்டேன், எனக்குச் சேர வேண்டியதுதான். அடுத்த வாரம் கணவரை வீட்டுக்கு அழைத்துப் போகும்போது அந்தம்மா இரண்டு முழம் மல்லிகையைத் தன் கையால் புஷ்பத்தின் தலையில் வைத்துவிட்டுப் போனார். சீருடையோடு பூ வைக்கக் கூடாது என்பது நம் ஆஸ்பத்திரிச் சட்டம். இன்சார்ஜ் சிஸ்டர் அன்று முழுவதும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் இரண்டு மணிக்கு டிராலி பக்கத்தில் நின்று என் வரியைச் சொன்னேன். "நேற்று நான் ரத்தத்தை ஆள் மாற்றி ஏற்றப் போனேன். மரியபுஷ்பம் என் கையைப் பிடித்ததால் ஒரு உயிர் பிழைத்தது. நன்றி ஆண்டவரே." என் வாழ்க்கையிலேயே சின்ன ஜெபம் அதுதான். குரல் நடுங்கவே இல்லை. எனக்கு மெமோ வந்தது, இன்சார்ஜ் பதவி மூன்று வருடம் தள்ளிப் போனது. நம் வார்டில் யாரும் யாருடைய கையையும் பிடித்து நிறுத்தலாம், நிறுத்தப்பட்டவர் கோபப்படக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறதே, அது அந்த வாரம் வந்தது. நன்றி சொல்லும்போது ஆளின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதும் அப்போது வந்ததுதான்.

ஆனால் என் மனதில் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு பேகம்பூரில் அவள் குடியிருந்த வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. கட்டிலில் கணவர். இடுப்புக்குக் கீழே அசைவில்லை, ஆனால் வாய்க்குக் குறைவில்லாத மனிதர். பாத்திமாக்கா எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார்.

"உனக்கு எப்படி புஷ்பம் தினமும் சொல்ல ஒன்னு கிடைக்குது?" என்று கேட்டேன்.

"காலையில வார்டுக்குள்ள நுழையிறப்பவே தேட ஆரம்பிச்சிருவேன் சிஸ்டர். ரெண்டு மணிக்கு என்ன சொல்றதுன்னு எனக்கு பயம். உங்கள மாதிரி வார்த்தை வராதுல்ல. அதனால ஒவ்வொரு பெட்டா விசாரிப்பேன். அன்னைக்கு அந்த அக்கா, ரத்தம் ஏத்த வேணாம்னுட்டாங்கன்னு சொல்லுச்சா, சரி, இன்னைக்கு இதான்னு எடுத்து வச்சுக்கிட்டேன். நீங்க பையோட வந்து நிக்கிறீங்க. ஐயையோ, நம்ம நன்றி போச்சேன்னு ஆயிருச்சு!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மனிதரின் உயிரை அன்று காப்பாற்றியது அவள் எடுத்து வைத்திருந்த அந்த ஒரு வரி நன்றிதான். நன்றி சொல்ல வேண்டுமென்றால் முதலில் பார்க்க வேண்டும். பார்க்காமலே சொல்லப் பழகியிருந்தவள் நான்.

கட்டிலைப் பார்த்தபடி, கேட்கலாமா கூடாதா என்று தெரியாமலே கேட்டுவிட்டேன். "இதுக்கு எப்படி நன்றி சொல்ற?"

"இவரு விழுந்ததுக்கு எவ நன்றி சொல்லுவா? நான் அதுக்குச் சொன்னதே இல்ல சிஸ்டர். கோயில்ல போய்ச் சண்டைதான் போட்டேன், இன்னும் போடுறேன். ஆனா இங்க பாருங்க" என்று கணவரை லாவகமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினாள். நர்ஸ் கண்ணால் பார்த்தேன். நான்கு வருடம் படுக்கையில் கிடந்த உடம்பு. ஒரு சிவப்புத் தடம்கூட இல்லை. பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளில் நான்கு வாரத்தில் படுக்கைப் புண் வந்த முதுகுகளை நான் பார்த்திருக்கிறேன். "தினம் ராத்திரி படுக்குறதுக்கு முன்ன பாப்பேன். இன்னைக்குப் புண்ணு இல்ல, நன்றி ஆண்டவரே. அம்புட்டுத்தான்."

"பாத்தீங்களா சிஸ்டர்" என்றார் அவர், தலையணையில் முகம் புதைந்த நிலையிலேயே. "இவ என் முதுகைப் பாக்குற அளவுக்கு ஒரு நாளும் என் மூஞ்சியப் பாத்ததில்ல."

"மூஞ்சியப் பாத்தா எங்கிட்டு நன்றி வரும்?" என்றாள் அவள். வாசலில் நின்ற பாத்திமாக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

அதன்பிறகு ஏழு வருடம் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். என் கணவர் தவறிப்போன வருடம் அவள் தினமும் என் வீட்டுக்கு வந்து, ஒன்றும் பேசாமல் பாத்திரம் துலக்கிவிட்டுப் போனாள். நன்றி சொல்லுங்கள் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நாற்பது நாள் கழித்து ஒரு காலையில் நானாகவே, செருப்பு தொலைத்துக்கொண்டு ஓடிய அந்த மதியத்தில் அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் வண்டியை எடுத்ததற்கு நன்றி சொன்னேன். பேரைச் சொல்லித்தான் சொன்னேன்.

புஷ்பத்தின் கணவர் ஒரு மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, இரண்டே நாளில் இறந்துபோனார். பதினோரு வருடம் படுக்கையில் இருந்தவர். பத்தாம் நாள் அவள் வேலைக்குத் திரும்பினாள். அன்று காலை முழுவதும் எங்களுக்கு இரண்டு மணியை நினைத்துப் பயம். அதற்குள் நான்தான் இன்சார்ஜ். அவளை இன்றைக்கு விட்டுவிடலாம் என்று முடிவு பண்ணி, ரிப்போர்ட் முடிந்ததும், "இன்னைக்கு எல்லாரும் கிளம்பலாம்" என்றேன்.

"ஏன் சிஸ்டர், என் முறை இருக்குல்ல?" என்றாள்.

டிராலியைச் சுற்றி நின்றோம். ஒவ்வொருவராகச் சொல்லி அவளிடம் வந்தது. அன்றைக்கு, அந்த வார்டில், அந்த ஷிப்டில் நடந்ததை மட்டுமே சொல்ல வேண்டும் என்ற கட்டுப்பாட்டை அவள் ஒரு நாளும் மீறியதில்லை. அன்று ஒரு நாள் மீறினாள்.

"குளிப்பாட்டையில பாத்தேன். பாத்திமாக்காவும் பாத்தாங்க. கடைசி வரைக்கும் அவரு முதுகுல ஒரு புண்ணு இல்ல. நன்றி ஆண்டவரே."

அடுத்து என் முறை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மரியபுஷ்பம்" என்று பேரை மட்டும் சொன்னேன்.

உங்கள் பஸ் போனால் அடுத்த பஸ் வரும். நின்று சொல்லிவிட்டுப் போங்கள்.